மேலேயிருந்து வந்த தண்ணீர்

கூரை விளிம்பில் பனிக்கட்டி தொங்குகிறது என்று ஒர்வில் போனில் சொன்னதும் வெர்னா லாஹ்திக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒர்வில் அவள் வீட்டுச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஒன்று அவன் கண்ணாடியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலையிலேயே ஊற்றிக்கொள்வதை நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏரிக்கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. வீட்டுக்குள் சூடு இருந்தால்தான் கூரைமேல் கிடக்கும் பனி அடியில் உருகும். உருகிய தண்ணீர் வழிந்து விளிம்புக்கு வரும். விளிம்புக்குக் கீழே சூடு இல்லாததால் அங்கே மறுபடி உறையும். அடுப்பு எரியாத வீட்டில் ஒரு துளியும் தொங்காது. அவள் அக்டோபரிலேயே வீட்டை மூடிவிட்டு, ஹான்காக் டவுனில் தங்கை மார்லிஸின் ஃப்ளாட்டில் வந்து சோபாவில் படுத்துக்கொண்டிருக்கிறாள். வரும்போது ஹீட்டரை அணைத்து, பம்ப்பை நிறுத்தி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து சொட்டுத் தண்ணீர் விடாமல் வடித்திருந்தாள்.

"அது என் வீடுதானான்னு பாத்தியா, ஒர்வில்?"

"தபால் பெட்டியில லாஹ்தின்னு போட்டிருக்கு. எனக்கு அவ்வளவு படிக்கத் தெரியும். விளிம்பு முழுக்க இல்ல, வெர்னா. பின்னாடி, சவுனா இருக்கிற பக்கம் மட்டும், வளைவுலேருந்தே தெரியுது. அம்மாடி, ஒவ்வொண்ணும் என் கை பருமன்."

"காலி வீட்டுல எப்படிப்பா தொங்கும்?"

"காலியா? சனிக்கிழமை சனிக்கிழமை புகை வருதே. நீதான் வந்து சவுனா மூட்டி ஆவிக்குளியல் போடுறேன்னு நெனச்சேன். வழியில பனியைத் தள்ளி விடட்டுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். உன் வண்டித் தடத்தையே காணோமே, எங்க நிறுத்துற?"

வெர்னா போனைக் கீழே வைத்தபோது அவள் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவள் புருஷன் ரெய்னோ, இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஒரு மார்ச் மாதக் காலையில் ஏரிப் பனிமேல் மீன் பிடிக்கப் போனான். புறப்படும் அவசரத்தில் இடது பூட்ஸின் கயிறு அறுந்துவிட்டது. வெர்னாதான் தன் தையல் டப்பாவிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி நூலை எடுத்து முறுக்கிக் கொடுத்தாள். "கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மதியம் காற்று திசை மாறியது. அவன் உட்கார்ந்திருந்த பனித்தரை கரையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மறுநாள் அவனுடைய சறுக்குவண்டியும் காபி ஃப்ளாஸ்க்கும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. அந்த ஏரியின் அடியில் கோடையிலும் குளிர் அப்படி. உள்ளே போனவர்களை அது மேலே அனுப்புவதில்லை.

செத்துப்போனான் என்பதைக்கூட அவளால் மெல்ல மெல்ல விழுங்க முடிந்தது. விழுங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அவனுக்குக் குளிருமே. ரெய்னோ குளிர் தாங்காதவன். அந்த ஊரில் பிறந்தும், ஜூன் மாதத்தில் கம்பளிச் சாக்ஸ் போடுகிற மனுஷன். படுக்கையில் அவன் பாதம் பட்டால் வெர்னா துள்ளி விழுவாள். அவ்வளவு சில்லிட்ட கால். இப்போது அவன் முழுவதுமாக அப்படிக் கிடக்கிறானே.

அதனால் அவன் போனபிறகும் சனிக்கிழமைதோறும் பின்கட்டில் இருந்த சவுனாவில் பிர்ச் மர விறகு அடுக்கிக் கல்லைக் காய வைத்தாள். தான் குளித்து முடித்ததும், கடைசியாக ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்மேல் ஊற்றி, ஆவி எழும்போதே கதவை லேசாகத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுவாள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கடைசி ஆவியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது சவுனாவைக் காக்கிற, கண்ணுக்குத் தெரியாதவனுக்கு. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, விடுவார்கள், அவ்வளவுதான். வெர்னா ரெய்னோவுக்கு விட்டாள், ஆணியில் ஒரு துண்டையும் தொங்கவிட்டாள்.

இந்தக் குளிர்காலம் வந்தபோது மார்லிஸ் ஒற்றைக் காலில் நின்றாள். "இல்லாத மனுஷனுக்கு விறகு எரிக்கிறியே, உனக்கே சிரிப்பா இல்லையாடி? மூடிட்டு வா. வசந்தத்துல கோர்ட்டுக்குப் போய் அவர் இறந்துட்டார்னு எழுதி வாங்கிடலாம்." வெர்னாவும் களைத்துப் போயிருந்தாள். அக்டோபரில் கடைசி சனிக்கிழமையன்று அடுப்புச் சாம்பலை வழித்து வெளியே கொட்டினாள். ஆணியிலிருந்த துண்டை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். கதவைச் சாத்தும்போது அவன் முகத்திலேயே சாத்துகிற மாதிரி இருந்தது. இருந்தும் சாத்தினாள்.

ஒர்வில் போன் செய்த மறுநாள் அக்காவும் தங்கையுமாக மார்லிஸின் காரில் போனார்கள். தபால் பெட்டிவரைதான் சாலையில் பனி தள்ளியிருந்தது. அங்கிருந்து இடுப்பளவு பனியில் நீந்தாத குறையாக நடந்தார்கள். முன்பக்கம் ஒரு முயல் ஓடிய தடம்கூட இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. ஹீட்டரின் பொத்தான் அவள் அணைத்தபடியே கிடந்தது. வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது.

சமையலறைக் கூரையின் பின்பாதி, ஜிப்சம் பலகையோடு, கீழே விழுந்து கிடந்தது. மேஜைமேல், கூரைக்குள் அடைத்திருந்த பஞ்சு ஈரமாக அப்பியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த காகிதம் உரிந்து தொங்கியது. படுக்கையறைச் சுவரில் பழுப்பாக ஒரு கறை இறங்கியிருந்தது. வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மார்லிஸ் நேரே சவுனாவுக்குள் போய் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தாள்.

"சாம்பல் இருக்கு."

"நான் வழிச்சிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப எவனோ குடிகாரன் பூந்து குளிர் காஞ்சிருக்கான்."

"பூட்டைத் திறக்காம?"

"ஜன்னல் வழியா வந்திருப்பான், என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?" மார்லிஸுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "குடிகாரன் கதையெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன்கிட்ட உளறி வைக்காத. வெளியாள் வந்து எரிச்சான்னு சொன்னா கைவிரிச்சிடுவான். காலி வீடுன்னு சொன்னா கேக்கவே வேணாம். வாரா வாரம் நான்தான் வந்து சவுனா போட்டேன்னு சொல்லு. புரியுதா? நான்தான். ஒரு வார்த்தை. மே மாசம் நான் ஃப்ளாட்டைக் காலி பண்ணிட்டு அரிசோனா போறேன். அப்புறம் நீ எங்கடி படுப்ப?"

அதுதான் விஷயம். அந்த வீட்டைத் தவிர வெர்னாவுக்கு ஒண்ட இடம் கிடையாது. கூரையைத் திரும்பப் போட அவளிடம் வழியும் கிடையாது. இன்சூரன்ஸ் கொடுத்தால் வீடு. இல்லையென்றால் கோடையில் பஞ்சாயத்தார் வந்து இடித்துத் தள்ளிவிடுவார்கள்.

சேதம் பார்க்க சர்வேயர் வருவதாகச் சொன்ன நாள் சனிக்கிழமையாக வாய்த்தது. அந்த வருஷம் பனி அடித்த அடியில் பாதி ஊரின் கூரை ஒழுகியது, அதனால் அவருக்கு ஞாயிறு சனி எதுவும் இல்லை. மார்லிஸுக்குக் கடையில் வேலை. வெர்னா தனியாகத்தான் போனாள். ஒர்வில் வழியில் பனியைத் தள்ளி வைத்திருந்தான். தள்ளிவிட்டு ஏன் உடனே போய்விட்டான் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

டெல்பர்ட் என்று பெயர் சொன்னார் சர்வேயர். அறுபதை நெருங்கும் கனத்த மனிதர். காரிலிருந்து இறங்கவே இரண்டு தரம் பெருமூச்சு விட்டார். மார்க்வெட் பக்கத்துக்காரர், இந்தக் கரைக்குப் புதிது. முதலில் வீட்டைச் சுற்றி வந்து, கைக்கோடரியால் சவுனா விளிம்பிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும், சொல்லாமலேயே கதவடி ரப்பர்த் தட்டில் பூட்ஸைக் கழற்றி வைத்தார். அந்த ஊர்களில் பூட்ஸோடு வீட்டுக்குள் நடப்பவன் போலீஸ்காரனாகத்தான் இருப்பான். வெர்னா தன் பூட்ஸைப் பக்கத்தில் வைத்தாள். தட்டில் இரண்டு ஜோடி.

"காபி ஃப்ளாஸ்க்ல கொண்டாந்திருக்கேன். இங்க அடுப்பு மூட்ட முடியாது பாருங்க" என்றாள்.

"காபி எதுல வந்தாலும் காபிதான், மேடம். அந்த ஏலக்காய் ரொட்டியும் இருக்கா? இருக்கு. கடவுள் இந்த வீட்டைக் காப்பாத்தட்டும்." ஒரு துண்டு ரொட்டியைக் காபியில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார். "இப்ப கேளுங்க. பாலிசியை யாரும் படிக்கறதில்ல. நானே ரிட்டயர் ஆனப்புறம்தான் படிக்கலாம்னு இருக்கேன். ஆனா தண்ணி விஷயம் ரொம்ப லேசு. மூணே கேள்வி. முதல் கேள்வி, மேலேயிருந்து வந்துச்சா, கீழேயிருந்து வந்துச்சா? மேலேயிருந்து விழுந்தா நம்ம தண்ணி. தரையைத் தொட்டுட்டு உள்ள வந்தா, ஏரி பொங்கி வந்தா, அது நம்ம தண்ணி இல்ல. அதுக்குத் தனியா வெள்ள இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும்."

"எடுக்கல."

"யாரும் எடுக்கறதில்ல. ரெண்டாவது, திடீர்னு வந்துச்சா, வருஷக்கணக்கா கசிஞ்சுதா? கசிஞ்சு அழுகிப் போனதுக்கு நாங்க பொறுப்பில்ல. மூணாவது, வீட்டுல ஆள் இருந்தாங்களா?" அவர் கையிலிருந்த பனிக்கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மூணாவதுக்கு இதோ சாட்சி. பாருங்க, வரி வரியா இருக்கா? வெள்ளை, கண்ணாடி, வெள்ளை, கண்ணாடி. தினம் குடியிருக்கிற வீட்டுல இது ஒரே கட்டியா இருக்கும். இது ஒரு நாள் நல்லா சூடு, அப்புறம் குளிர், மறுபடி சூடு, மறுபடி குளிர். வாரம் ஒரு தரம் சவுனா போடுறவங்க வீட்டுலதான் இப்படி வரும். பனி விழ ஆரம்பிச்சதுலேருந்து ஒரு வாரம்கூட விடல போலிருக்கே நீங்க. பக்தின்னா இதான் பக்தி."

வெர்னா அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோடும் ஒரு சனிக்கிழமை. அவள் மார்லிஸின் சோபாவில் கால் நீட்டி டிவி பார்த்த சனிக்கிழமைகள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"வாரம் ஒரு நாள் வந்தா போதுமா?" என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

"எங்க பாலிசிக்குப் போதும். ஆனா வந்தது வீட்டு ஆளா இருக்கணும். கண்டவன் பூந்து அடுப்பு மூட்டினா, அது வேற கதை, வேற ஃபைல், உங்களுக்கு ஒண்ணும் வராது."

அவர் எழுந்து, ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் குத்திக் குத்திப் பார்த்தார். அது கீச் கீச்சென்று கத்தியது. கூரை, புதுசு, திடீர், நம்ம தண்ணி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். வெர்னாவுக்கு மூச்சு சீராக வந்தது. இன்னும் கொஞ்சம்தான், பிறகு அந்த ஒற்றை வார்த்தை, அப்புறம் எல்லாம் முடிந்துவிடும்.

ஏரியைப் பார்த்த பின்கதவருகே அவர் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

பின்கதவிலிருந்து சவுனா வாசல்வரை தரைப்பலகைகள் உப்பியிருந்தன. அவர் கருவியைத் தரையில் வைத்தார், கத்தியது. தலைக்கு மேலே கூரையில் வைத்தார், சத்தமே இல்லை. கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். மேலே காய்ந்து கிடந்தது.

"இது மேலேயிருந்து வந்த தண்ணி இல்லையே, மேடம்."

"தெரியல."

"நிலத்தடித் தண்ணின்னா முதல்ல நிலவறை நிரம்பணும். பாத்தேன், அங்க தூசிதான் பறக்குது." முனகிக்கொண்டே குனிந்து, பலகை இடுக்கிலிருந்து விரலால் எதையோ எடுத்தார். மணல், மையாகக் கறுத்த ஏரி மணல். "கதவுலேருந்து நேரா சவுனாவுக்கு. அந்தப் பக்கம் பரவல, இந்தப் பக்கம் பரவல. ஒரு ஆள் அகலம்." அவர் சிரித்தார். "உங்க வீட்டுல யாராவது ஏரியில முங்கிட்டு, துடைக்காம கொள்ளாம அப்படியே உள்ள வர்ற ஆசாமி உண்டா? என் மச்சான் அப்படித்தான். அவன் வந்து போனா தரை முழுக்கக் குளம்."

முப்பது வருஷம் வெர்னா கத்திய கத்து அது ஒன்றுதான். சவுனாவில் வெந்து, ஓடிப்போய்ப் பனியில் வெட்டிய குழியில் முங்கி, ஓலமிட்டுக்கொண்டே திரும்பி வந்து, பிறந்த மேனியாக அவள் துடைத்த தரையெல்லாம் தண்ணீர் சிந்துவான் அவன். தண்ணி சிந்தாத ரெய்னோ, தரை வீணாகுது ரெய்னோ என்று அவள் துண்டோடு பின்னாலேயே ஓடுவாள்.

"மேடம்? உக்காருங்க. முகம் வெளுத்துப் போச்சே."

மறுபடி சமையலறை மேஜைக்கு வந்தார்கள். டெல்பர்ட் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததையும் கழற்றினார். கழுத்துத் துணியை உருவி நாற்காலியில் போட்டார்.

"வீடு சூடு நல்லா பிடிக்குது. பழைய காலத்துக் கட்டடம்."

அப்போதுதான் வெர்னா கவனித்தாள். வந்தபோது இருவர் வாயிலும் புகையாக வந்த மூச்சு இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. ஹீட்டரை அவள் தொடவில்லை. அவரும் தொடவில்லை. பின்கட்டிலிருந்து பிர்ச் பட்டை எரிகிற வாசனை மெல்ல வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மதியம் சாய்ந்திருந்தது. ரெய்னோ சனிக்கிழமைகளில் அடுப்பு மூட்டுகிற நேரம். ஓடிவிடலாம் என்று தோன்றியது. கார் வாசலில்தான் நின்றது. ஆனால் கால் எழவில்லை. எழாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"சரி, தரையையும் சேத்துடலாம்" என்றார் டெல்பர்ட். "வீட்டு ஆள் உடம்புல கொண்டாந்து சிந்தின தண்ணின்னா அது வெள்ளத்துல சேராது, விபத்துலதான் சேரும். நான் எழுதிக்கறேன். ஆனா ஆள் யாருன்னு சொல்லணும். யாரு வாரா வாரம் வந்து தங்கினது?"

நான்தான். ஒரே வார்த்தை. வெர்னா வாயைத் திறந்தாள்.

அடுப்பை அணைத்தவள் அவள். சாம்பலை வழித்துக் கொட்டியவள் அவள். அவனுக்கு விட்ட துண்டை மடித்து உள்ளே வைத்தவள். குளிர்காலம் முழுவதும் ஒரு சுள்ளிகூட எரிக்காமல், எரித்தது நான்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. யாரும் இல்லை என்று சொல்லலாம். அதோடு வீடு போயிற்று, அவனும் இரண்டாம் தரம் போனான்.

"ரெய்னோ" என்றாள். "என் வீட்டுக்காரர். இங்கதான் இருக்கார்."

சொல்லி முடித்ததும் பின்கட்டில் ஒரு பலகை கிறீச்சிட்டது. டெல்பர்ட் தன் தாள்களைப் புரட்டினார்.

"அட, பாலிசியில முதல் பேரே அவர்தான். இதுக்கா இவ்வளவு யோசிச்சீங்க? இப்ப எங்க ஆளு?"

"ஏரிக்குப் போனார்."

"மீனுக்கா? இந்த மாசத்துலயா? பனி இளகுதே மேடம். கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க."

"சொன்னேன்" என்றாள் வெர்னா. "கேக்கற ஆள் இல்ல."

"எந்தப் புருஷன் கேக்கறான்." அவர் எழுதி முடித்து, ரொட்டியின் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கூரை, சுவர், தரை, மூணும் நிக்கும். பணம் வர்றதுக்குக் கொஞ்சம் நாளாகும், ஆனா வரும். ஒண்ணு மட்டும். இனிமே வீட்டைக் காலியா விடாதீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது இருக்கணும். மறுபடி யாராவது பாக்க வருவாங்க, ஆள் இல்லைன்னா நான் எழுதினது எல்லாம் அடிபட்டுப் போகும்."

"நான் இருப்பேன்."

கதவடிக்குப் போனவர் குனிந்து, தன் பூட்ஸைத் தேடி, ஒன்றை ஒதுக்கி வைத்தார். "ஓ, வந்துட்டாரா? சத்தமே கேக்கலையே. பின்பக்கமா வந்திருப்பார்."

ரப்பர்த் தட்டில் மூன்று ஜோடி பூட்ஸ் இருந்தது. மூன்றாவது ஜோடியின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. தோல் உப்பிக் கறுத்திருந்தது. வலது காலில் பழைய கயிறு. இடது காலில் முறுக்கிய சிவப்புக் கம்பளி நூல், அவள் போட்ட முடிச்சோடு.

"கூப்பிடட்டுமா? கையைக் குலுக்கிட்டுப் போறேன்" என்றார் டெல்பர்ட்.

"வேணாம்" என்றாள் வெர்னா வேகமாக. பிறகு மெதுவாக, "குளிர்ல வந்திருக்கார். முதல்ல குளிக்கட்டும்."

"அதுவும் சரிதான். சவுனாவுக்குப் போறவனை நிறுத்தினா எனக்குத்தான் பாவம்." அவர் தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே காருக்குப் போனார். புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. கார்ச் சத்தம் சாலையில் தேய்ந்து மறையும்வரை வெர்னா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. மார்லிஸ்.

"என்ன சொன்னான்? ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டார்."

"நான் சொன்ன மாதிரி சொன்னியா?"

"கிட்டத்தட்ட. மார்லிஸ், நான் இன்னிக்கு வரல. இங்கயே இருக்கேன்."

"பைத்தியமா உனக்கு? அந்தக் குளிர்லயா? ஹீட்டர்கூட இல்லாம?"

"இங்க குளிரல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பெட்டியைத் திறந்து, அக்டோபரில் மடித்து வைத்த துண்டை எடுத்தாள். உப்பிய பலகைகளில் ஒவ்வோர் அடியாகச் சவுனா வாசல்வரை வந்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர் கல்மேல் விழுந்து சீறியது. பிறகு பெஞ்ச் முனகியது, ஒரு கனத்த ஆள் இடம் மாறி உட்கார்கிற மாதிரி. பிறகு ஒன்றுமில்லை.

உள்ளே இருப்பது எது, எப்படி இருக்கும் என்று நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. இரண்டு வருஷம் அந்த ஏரியின் அடியில் கிடந்தது. கதவைத் திறக்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. துண்டைக் கதவின் கைப்பிடியில் மாட்டினாள்.

"தண்ணி சிந்தாத, ரெய்னோ" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. "தரை வீணாகுது. துடைச்சிட்டு வா."

கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. அவசரமில்லாமல், பலகை இடுக்குகளை நிரப்பிக்கொண்டு, கறுத்த மணல் மினுங்க அவள் காலை நோக்கி வந்தது. வெர்னா கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஏரியின் அடிக் குளிர் தன் காலைத் தொடப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கம்பளிச் சாக்ஸ் நனைந்தது. விரல்களுக்கிடையே தண்ணீர் புகுந்தது.

வெதுவெதுவென்று சூடாக இருந்தது.